நீ எழுதிய விதிகள்

இன்று காலை எறணாகுளத்தில் கண் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளைக் கிண்ணம் போலிருந்த ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்காவது சின்ன வெளிச்சம் தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இடது ஓரம், மேலே, வலது மூலை. எல்லாமே எனக்குத் தெரிந்தன. பாதியில் என்னால் தொடர முடியவில்லை. கருவியை இயக்கிய பெண், சொட்டு மருந்து எரிகிறதோ என்று நினைத்துப் பஞ்சை நீட்டினாள்.

உனக்கு இந்தக் கருவி வாய்க்கவில்லை. அந்த நாளில் டாக்டர் உன் எதிரே உட்கார்ந்து, தன் விரலை ஓரத்திலிருந்து மெதுவாக உள்ளே கொண்டுவந்து, எப்போது தெரிகிறது என்று கேட்டாராம். "மூக்குக்கு நேரா வர்ற வரைக்கும் அவரு கையத் தூக்கினதே எனக்குத் தெரியல டீ" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மட்டாஞ்சேரியில் கடலோரக் கிடங்கு ஒன்றின் மாடியில் நம் அலுவலகம். கீழே மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். மேலே குளிரூட்டிய அறையில் கம்ப்யூட்டர். அந்தக் குளிர் கம்ப்யூட்டருக்காக. அதன் தயவில் நமக்கும் கொஞ்சம். செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போவோம், கோயிலுக்குப் போவதுபோல. மேலாளர் சார், சசி சேட்டன், நீ, நான் என்று நான்கே பேர். நம் இருவர் வீடும் பள்ளுருத்தியில். உன் அப்பா கார்ப்பரேஷன் லாரி டிரைவர், என் அப்பா ஓட்டலில் சரக்கு மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான் படித்தோம். தமிழ் வீட்டுப் பேச்சு. எழுத்துக்கூட்டிப் படித்ததெல்லாம் பழைய வாரப் பத்திரிகைகளில். அலுவலகத்தில் அதுவே நமக்கு ரகசிய மொழியாகவும் இருந்தது. இந்தக் கடிதத்தை அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீயே சொல்லியிருப்பாய்.

அந்த மழைக்காலத்தில் உன் புரோகிராம் ஒன்று தவறிப் போனது. நாம் எழுதிய கணினி மொழியில் ஒரு சமக்குறி போட்டால் 'இதை அதில் வை' என்று பொருள். இரண்டு போட்டால்தான் 'இரண்டும் ஒன்றா' என்ற கேள்வி. மூட்டை கப்பலில் ஏறியதா என்று கேட்க வேண்டிய இடத்தில் நீ ஒரே ஒரு சமக்குறி போட்டிருந்தாய். கேள்வி கட்டளையாகிவிட்டது. கீழே கிடந்த சுக்கு மூட்டைகளெல்லாம் ஏறியாயிற்று என்று கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்தது. அவை இல்லாமலே கப்பல் போய்விட்டது.

சார் கத்தவில்லை. அச்சுத்தாளை உன் மேசையில் வைத்து, "ஒரு தவண நோக்கிக்கூடே?" என்று மட்டும் கேட்டார். ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா என்று.

"நோக்கி, சார்" என்றாய். பார்த்தேன் என்று.

அன்று சாயா குடிக்க இறங்கும்போது படிக்கட்டில் நின்று, அந்தத் தாளை என் கையில் கொடுத்தாய். "இதுல ஒண்ணு இருக்கா, ரெண்டு இருக்கா? எனக்கு ரெண்டுமே ஒரே மாதிரி தெரியுது." நான் விளையாட்டு என்று நினைத்தேன். அப்புறம்தான் டாக்டர் விஷயத்தைச் சொன்னாய். உன் மாமா ஒருவருக்கும் இப்படித்தான் ஆனதாம். முதலில் ஓரங்கள் போகும், பிறகு நடுவும் மங்கும், மருந்து கிடையாது.

"வீட்டுல தெரியுமா?"

"சாயங்காலம் கொஞ்சம் மங்கலா இருக்குன்னு மட்டும் சொல்லிருக்கேன். நீ பயப்படாத. பேடிக்கிறதுக்கு நான் இருக்கேன்."

நம் கம்ப்யூட்டரோடு ஒரு சோதனைப் புரோகிராம் வந்திருந்தது. நாம் எழுதியதை ஓட்டாமலே, படித்துப் பார்த்தே குறை சொல்லும். எல்லோரும் பொதுவாகச் செய்யும் தவறுகள்தான் அதற்குத் தெரியும். நம் அலுவலகத்தின் தவறுகள் தெரியாது. நம் விதிகளை நாமே எழுதி அதோடு சேர்க்கலாமா என்று நீ கேட்டபோது, சார் தோளைக் குலுக்கினார். சொந்த வேலை முடிந்த பிறகு என்றால் சரி என்றார்.

முதல் விதி சமக்குறிக்கு. கேள்வி கேட்கும் வரியில் ஒற்றைச் சமக்குறி கண்டால் சொல். அடுத்தது, அதே வரியின் கடைசியில் தவறி விழுந்த அரைப்புள்ளிக்கு. அதன் பிறகு, பூஜ்யத்தையும் ஓ எழுத்தையும் கலந்து வைத்த பெயர்களுக்கு. உன் கண் எதைத் தவறவிட்டதோ, அதற்கு அடுத்த நாள் ஒரு விதி இருக்கும். அறையில் மற்றவர்கள் இதைப் புதுக் கிறுக்கு என்று நினைத்தார்கள். எனக்கு மட்டும் தெரியும். பார்வை போவதற்குள் முடித்துவிட நீ ஓடிக்கொண்டிருந்தாய்.

தொடக்கத்தில் உன் விதிகள் வாய் ஓயாமல் பேசின. வேண்டுமென்றே ஒற்றைச் சமக்குறி போட்ட இடத்திலும் குறை, சரியான வரியிலும் குறை. சசி சேட்டன் பாதி வேலையில் திரும்பி, "நின்றெ ஈ அம்மாயியம்மயெ ஒந்நு நிர்த்தாமோ?" என்று கேட்டார். உன் மாமியாரைக் கொஞ்சம் நிறுத்தக் கூடாதா என்று. அன்றிலிருந்து அதற்கு மாமியார் என்றே பெயர். நீ கோபித்துக்கொள்ளவில்லை. "அவரு சொல்றது சரிதான். சும்மா சும்மா குத்தம் சொன்னா நெசமான குத்தத்துக்கும் யாரும் காது குடுக்க மாட்டாங்க" என்றாய். விதியை எழுத ஆனது சில நாட்கள். எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று அதற்குக் கற்றுக்கொடுக்கத்தான் உனக்கு மாதங்கள் ஆயின. நான் புரோகிராம்களை வாசிப்பேன், நீ கண்ணை மூடிக் கேட்பாய். "இங்க சொல்லணும். இங்க வேண்டாம்." கடைசியில் சசி சேட்டனே தன் புரோகிராமை மாமியாரிடம் காட்டாமல் ஓட்டுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் கப்பைக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆபீசில் அப்படி என்னதான் வேலை என்று உன் அம்மா கேட்டார்.

"விதி எழுதுறோம் அம்மா" என்றாய்.

"அது பிரம்மா செய்யற வேலையில்லையா டீ. உனக்கு யாரு குடுத்தா?"

மூவரும் வெகுநேரம் சிரித்தோம். உன் கை தண்ணீர்த் தம்ளரைத் தேடித் தட்டி விட்டது. அம்மா துடைத்துக்கொண்டே இன்னும் சிரித்தார்.

பம்பாயிலிருந்து தலைமை அலுவலகத்துக்காரர் ஒருவர் வந்தார். உன் விதிகளைப் பார்த்துவிட்டு, எல்லாக் கிளைகளுக்கும் இதை எழுதித் தர முடியுமா, பம்பாய்க்கு வர முடியுமா என்று கேட்டார். நம் அறையில் யாருக்கும் அப்படியொரு அழைப்பு வந்ததில்லை. நீ ஒரு நாள் அவகாசம் கேட்டாய். மறுநாள் சார் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னாய். தெரியாத ஊரில் தனியாகத் தெருவைக் கடக்க முடியாது, யாராவது கூட இருந்தால் வேலையைச் செய்ய முடியும் என்று.

சார் நல்லவர்தான். கண் கலங்கினார் என்று நீயே சொன்னாய். ஆனால் அடுத்த மாதம் உன்னைக் கீழே டெலிபோன் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உன் நன்மைக்காக என்றார்கள். உன் விதிகள் மாடியில் இருந்துவிட்டன. உனக்கு மட்டும்தான் படியிறங்க வேண்டியிருந்தது.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏதாவது பேசுவாய் என்று காத்திருந்தேன். தோப்பும்படி தாண்டிய பிறகு, "ஒண்ணும் கொழப்பம் இல்ல" என்றாய். பரவாயில்லை என்று. அதற்கு மேல் இல்லை. இறங்கும்போது உன் கைக்குட்டை நனைந்திருந்தது.

அதன் பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரம் நம்முடையதானது. டிபன் டப்பாவைத் திறக்கும் முன்பே, "இன்னைக்கு மாமியார் என்ன சொன்னா?" என்று கேட்பாய். நான் சொல்வேன். நீ யோசித்துப் புதிய விதியை வாயால் சொல்வாய், நான் மேலே போய் அடிப்பேன். திரையைப் பார்க்காமலே எந்த இடத்தில் இடிக்கும் என்று உனக்குத் தெரிந்தது. நடுவில் மணி அடித்தால் ஓடிப்போய் "நமஸ்காரம்" என்று எடுத்துப் பேசிவிட்டு வந்து, விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவாய். பேச்சு ஒருநாள் வேறு பக்கம் போனபோது, "புரோகிராமுக்கு எழுதிடலாம். ரோட்டுக்கு எழுத முடியலையே டீ" என்றாய்.

எனக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்திருந்த வாரம் அது. நல்ல பகல் வெளிச்சம், மழைகூட இல்லை. சாப்பாட்டு நேரத்தில் நீ அலுவலகத்திலிருந்து வெளியே வந்து, எதிர்ப்பக்கம் தபால் பெட்டியை நோக்கிப் போயிருக்கிறாய். கிடங்கு ஒன்றிலிருந்து லாரி பின்னோக்கி வந்தது. பக்கவாட்டிலிருந்து வந்தது. உனக்குப் பக்கவாடு என்று ஒன்று இல்லை. சுமை இறக்குபவர்கள் கூச்சலிட்டார்களாம். நீ சத்தம் வந்த திசையைத் தேடித் திரும்பி நின்றாயாம்.

சசி சேட்டன் வந்து என் அம்மாவிடம் சொன்னார். எனக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை. அம்மாவும் அண்ணனும் தாங்கிப் பிடித்து உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். உன் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கண் மூடியிருந்தது. நான் புரோகிராமை வாசிக்கும்போது நீ கேட்டுக்கொண்டிருப்பதுபோலவே இருந்தது.

உன் அம்மா அழவில்லை. என் கையை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "அவ எழுதினாளே அந்த விதி, அது இன்னும் ஓடுதா?"

"ஓடுது அம்மா."

"அவ பேரு அதுல இருக்கா?"

இல்லை. நாம் யாரும் பெயர் போடுவதில்லை. "இருக்கு" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அதன் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், உன் ஒவ்வொரு விதிக்குள்ளும் போய், அது சொல்லும் வாக்கியத்தின் கடைசியில் உன் பெயரைச் சேர்த்தேன். சசி சேட்டனின் திரையில் முதன்முதலாக அது வந்தபோது, அவர் நாற்காலியை நகர்த்திவிட்டு வெளியே போய்விட்டார். சாரும் பார்த்தார். எடுக்கச் சொல்லவில்லை. சில ஆண்டுகள் மட்டாஞ்சேரியில் யார் என்ன தவறு செய்தாலும் உன் பெயர்தான் வந்து சொன்னது. பிறகு புதிய இயந்திரம் வந்தது. பழையதைக் கழற்றிக் கைவண்டியில் ஏற்றினார்கள். நான் மாடி ஜன்னலில் நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு வேறு அலுவலகங்களில், வேறு மொழிகளில் எத்தனையோ எழுதினேன். எல்லாவற்றையும் விட்டு இப்போது திருப்பூணித்துறையில் மகன் வீட்டில் இருக்கிறேன். உன்னைப் பற்றி இங்கே யாருக்கும் தெரியாது. உனக்கு வழி சொல்லிக்கொண்டே உன்னோடு நடந்த காலத்தில் தொற்றிக்கொண்ட ஒன்று மட்டும் என்னை விடவில்லை. தெருவில் தனியாகப் போகும்போதும் என் வாய் முணுமுணுக்கிறது. படி இருக்கு. இடப்பக்கம் சைக்கிள். கொஞ்சம் நில்லு, வண்டி போகட்டும். பேரக் குழந்தை இன்று மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில், "பாட்டி யாருகிட்ட பேசறீங்க?" என்று கேட்டது.

கூட வருகிறவளிடம் என்றேன்.