சனிக்கிழமை பெல்ஃபோர்ட் வருகிறது

அன்புள்ள அடெலுக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். அந்தக் குளிர்க்கடலில் நீயும் உன் கப்பலில் இருப்பவர்களும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா என்பதுதான் காலையில் கண் விழித்ததும் என் முதல் நினைப்பு. வலையில் வருகிற மீனை எண்ணி எண்ணி விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். மாட்டு மடிக்குத் தடவும் களிம்பு ஒரு டப்பா தனியாக அனுப்பியிருக்கிறேன், வாசனையைப் பார்க்காமல் தூங்கப்போகும்போது தடவிக்கொண்டு மேலே பருத்திக் கையுறை போட்டுக்கொள். இங்கே சோள அறுவடை எல்லோருக்கும் முடிந்துவிட்டது, காற்றுதான் ஊரைப் பிய்த்துக்கொண்டு போகிறது. பின்பக்கத்து வேலி சாய்ந்துவிட்டது, அப்பா கம்பி கட்டி நிறுத்தியிருக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை. இதையெல்லாம் எழுதிக்கொண்டே போகிறேனே தவிர சொல்ல வந்தது வேறு. நாளை சனிக்கிழமை நம்முடைய டாம்செட் கல்லூரிக்கும் பெல்ஃபோர்ட் கல்லூரிக்கும் ஃபுட்பால் ஆட்டம். ஜெயிக்கிறவர்களுக்குத்தான் இந்த வருஷக் கோப்பை. பெல்ஃபோர்ட்டில் பந்தெறிகிறவன் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ கரைக்கு வந்து இதைப் பிரிக்கும்போது ஆட்டம் முடிந்து வாரக்கணக்கில் ஆகியிருக்கும், யார் ஜெயித்தார்கள் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் இந்த வாரம் வீட்டில் நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் மனசு தாங்காது, உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்.

ஜனவரியில் உன் தம்பி நோலன் வீட்டை விட்டுப் போனதை நான் போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன், கப்பல் லைனும் பாதியில் அறுந்துவிட்டது. நம் டாம்செட் கோச் பிரீஸ் டெக்ஸாஸிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்து, பந்தெறிகிற குவார்ட்டர்பேக் இடத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டார், நோலனை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார், அவனும் வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்கிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டான். அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான் அப்பாவிடம் சொன்னான். இத்தனை வருஷமாக டாம்செட் ஆட்டங்களை வானொலியில் வர்ணிக்கிறவர் உன் அப்பா, மாறியதைக்கூட அவர் பொறுத்திருப்பார். பெல்ஃபோர்ட் என்றதும்தான் முகம் மாறிவிட்டது. இந்த மைதானத்துப் புல்லுல தவழ்ந்து வளர்ந்தவன், ஒரு வருஷம் பெஞ்சுல உட்கார முடியலைன்னு அவங்க வீட்டுக்குப் போறியா, போ, ஆனா நான் மைக்ல உன் பேரைச் சொல்லுவேன்னு மட்டும் எதிர்பார்க்காதே என்றார். நோலனும் சும்மா இருக்கவில்லை. பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறவன் பேரை இதுவரைக்கும் மட்டும் எத்தனை தடவைப்பா சொன்னீங்க என்று கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனான். நான் அடுப்புக்கு முன்னால் நின்று உருளைக்கிழங்கைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்று உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மறுநாள் காலை அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான், அப்பா வானொலி நிலையத்துக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகப் போய்விட்டார், அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. நோலன் எனக்கு வாரம் தவறாமல் கூப்பிடுவான், மணி அடித்ததும் அப்பா எழுந்து கராஜுக்குப் போய்விடுவார். அங்கே அவருக்கு என்ன வேலை என்று நான் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். செப்டம்பரிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கீழே இறங்கிப்போய்ப் பெல்ஃபோர்ட் ஆடிய ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். நம்முடன் ஆடுவதற்கு இன்னும் நாள் கிடக்கிறதே, இப்போதே எதற்கு என்று கேட்டால் முன்கூட்டியே தயார் பண்றேன் என்பார். அக்டோபரில் ஒரு நாள் துவைத்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கினேன், திரையில் நோலன் தரையில் கிடந்தான், இடது பக்கத்திலிருந்து ஒருவன் வந்து சாய்த்திருந்தான், ஹெல்மெட் கழன்று உருண்டு கிடந்தது. உன் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். முந்தின நாளே முடிந்துபோன ஆட்டம் அது, அவன் எழுந்து நடந்துவிட்டான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், இருந்தும் அவன் எழுந்திருக்கும் வரைக்கும் நாங்கள் அசையவில்லை.

நேற்று வியாழக்கிழமை பீட்சா கடையில் வழக்கமான நிகழ்ச்சி, வருகிற எதிரணியைப் பற்றி அப்பாவும் அவரோடு சேர்ந்து வர்ணிக்கிற ரஸ்ஸும் உட்கார்ந்து வானொலிக்குப் பேசுவார்களே அதுதான். நான் அதற்குப் போய் வருஷங்கள் ஆகின்றன, நேற்று மனசு கேட்காமல் போனேன். உட்கார இடமில்லை, சுவரோரம் எல்லாம் ஆட்கள். உன் அப்பாவை அந்த மேஜையில் பார்த்தால் உனக்கும் பெருமையாக இருக்கும். தாளைப் பார்க்காமல் பெல்ஃபோர்ட்டைப் பிரித்துப் போட்டார். முன்வரிசையில நிக்கிற அஞ்சு பேரும் பண்ணைப் பசங்க, களஞ்சியக் கதவு மாதிரி இருக்காங்க, தள்ள முடியாது, ஆனா சுத்தி ஓடினா அவங்களால திரும்ப முடியாது என்றார். பந்தை எடுத்து ஓடுற அந்தக் குட்டைப் பையனைத் தோள்ல பிடிக்காதீங்க, நழுவிடுவான், முழங்காலுக்குக் கீழ பிடிங்க என்றார். முதல் பாதியில தூங்குவாங்க, இடைவேளை முடிஞ்சு வந்தா வேற ஆளுங்க மாதிரி ஆடுவாங்க, அதனால முன்னாடியே புள்ளி சேர்த்துக்கணும் என்றார். ரஸ் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தான், பந்தெறிகிறவனை மட்டும் பக்குவமாகத் தாண்டிப் பந்தை உதைக்கிறவனிடம் போய்விட்டான். அவன் நல்ல நண்பன். ஆனால் விதைக்கடை டுவெயின் விடுவானா. பின்னாலிருந்து, ஏன் டெல்மர், எல்லாரையும் சொன்னே, அந்தப் பதினாலாம் நம்பரை மறந்துட்டியே, அது யாரு வீட்டுப் புள்ளை என்று கத்தினான். கடை முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது மடல் எரிந்தது.

அப்பா சிரிக்கவில்லை, கோபமும் படவில்லை. மைக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, பதினாலாம் நம்பர் பந்தை ரொம்ப நேரம் கையில வச்சிருக்கான் என்று ஆரம்பித்தார். ஓடுற பசங்கள்ல எவனாவது கடைசி நொடியில தப்பிச்சு வருவான்னு காத்திருக்கான், அதனால இடது பக்கத்துல வர்றவன் அவன் கண்ணுல படறதில்லை, போன மாசம் விழுந்தது அப்படித்தான், அந்தப் பக்கம் ரெண்டு பேரை அனுப்பினா போதும் என்றார். கைதட்டல் எழுந்தது, மேஜையைத் தட்டினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் அவர் இன்னும் ஏதோ சொன்னார், என் காதில் பாதிதான் விழுந்தது. பந்தைக் கோட்டுக்கு வெளிய வீசிட்டு அடுத்த முயற்சிக்குப் போக அவன் கத்துக்கிட்டா அவனை யாராலயும் நிறுத்த முடியாது என்று சொன்னாராம், அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நான் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வந்து வண்டியைக் கிளப்பியதும் கேட்டேவிட்டேன். பெத்த பிள்ளையை எந்தப் பக்கம் அடிக்கணும்னு ஊரைக் கூட்டிச் சொல்லிட்டு வர்றீங்களே, உங்களுக்கு மனசு எப்படி வந்தது என்றேன். பிரீஸ் இதெல்லாம் எப்பவோ பார்த்து வச்சிருப்பார் மார்வா, நான் சொல்லி அவருக்குத் தெரிய வேண்டியது ஒண்ணும் இல்லை என்றார். அப்ப யாருக்குச் சொன்னீங்க என்று கேட்டேன். ரயில் கேட் மூடியிருந்தது, சரக்கு வண்டி நீளமாகப் போய்க்கொண்டிருந்தது, அது முழுவதும் போகிறவரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், வியாழக்கிழமை நிகழ்ச்சியை அவன் சின்ன வயசுல இருந்து விட்டதில்லை, இப்பதான் எங்க இருந்தாலும் இன்டர்நெட்ல கேட்கலாமே, கேட்டுக்கிட்டு இருப்பான், அதான் சொன்னேன் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது அடெல். இந்த சீசன் முழுக்க, எந்த ஊர் அணி வந்தாலும் அந்த அணியின் பந்தெறிகிறவனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகவே சொல்லிக்கொண்டிருந்தார். விழும்போது தோளைச் சுருட்டிக்கொள்ள வேண்டும், அடிபட்டால் வெளியே வந்துவிட வேண்டும், வீரம் காட்டக்கூடாது என்றெல்லாம். வயசாகிறது, பேச்சு வளர்கிறது என்றுதான் நான் நினைத்தேன். அத்தனையும் உன் தம்பிக்குச் சொன்னது.

இன்று காலை அப்பா நிலையத்துக்குப் போனதும் நோலனைக் கூப்பிட்டேன். பஸ் ஏறுவதற்குப் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். நேற்று அப்பா பேசினதைக் கேட்டாயா என்றேன். இல்லம்மா, அதைக் கேட்கிறதை ஜனவரியோட விட்டுட்டேன், அந்தக் குரலைக் கேட்டா அப்புறம் தூக்கம் வரமாட்டேங்குது என்றான். அப்பா சொன்னதை எனக்குத் தெரிந்தவரை எடுத்துச் சொன்னேன். அது எனக்குத் தெரியும்மா, எங்க கோச்சும் தினம் அதைத்தான் சொல்லித் திட்டுறார் என்றான். உனக்காகத்தான்டா சொன்னார், வாரா வாரம் உனக்காகத்தான் சொல்லிக்கிட்டு இருந்தார் என்றேன். அந்தப் பக்கம் பின்னால் யாரோ பஸ் வந்தாச்சு என்று கூப்பிடுவது கேட்டது. அப்ப எனக்கே போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமேம்மா என்று மட்டும் சொன்னான். ராத்திரி வீட்டில் தங்க முடியுமா என்று கேட்டேன். அணியோடு மோட்டலில்தான் இருக்க வேண்டுமாம், ஆட்டம் முடிந்ததும் பஸ் நேராகத் திரும்பிவிடுமாம். அவன் படுக்கைக்கு நான் புது விரிப்புப் போட்டு வைத்திருந்தேன், அதை அவனிடம் சொல்லவில்லை.

மத்தியானம் அப்பா சாப்பிட வந்தபோது, அவன் கேட்பதே இல்லையாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது. கேட்கிறதில்லையா என்றார். சூப்புக் கிண்ணத்தில் கரண்டியை வைத்தார், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், இன்னொரு தடவை, ஒண்ணுகூடக் கேட்கலையா என்றார். இத்தனை வருஷத்தில் அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. ஆட்டத்துக்கு முந்தின நாள் எதிரணிக் கோச்சை நேரில் போய்ப் பார்ப்பது அவருடைய வழக்கம்தானே, இந்த முறை போனிலேயே முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தார். நான் அவருடைய தொப்பியை எடுத்துக் கையில் கொடுத்தேன், நேரில் போங்கள் என்றேன், நேற்று சுட்ட கசகசா கொலாச்சி ரொட்டியை ஒரு பெட்டியில் போட்டு வண்டியில் பக்கத்து இருக்கையில் வைத்தேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். மோட்டல் முன்கூடத்தில் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். பையன்கள் மைதானம் பார்த்துவிட்டுக் கூட்டமாக உள்ளே வந்தார்களாம், நோலன் இவரைப் பார்த்ததும் நின்றுவிட்டானாம், மற்றவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போய்விட்டார்களாம். என்ன பேசினீர்கள் என்று நான் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டேன். அந்த இடது பக்கம் பார்த்துக்கோ என்றாராம். பார்த்துக்கிறேம்ப்பா என்றானாம். தோள் எப்படி இருக்கு என்றாராம், தேவலை என்றானாம். அப்புறம் அவன்தான், நாளைக்கு என்னைப் பத்தி என்ன சொல்லப்போறீங்க என்று கேட்டிருக்கிறான். நடக்கிறதைச் சொல்வேன், நல்லா ஆடினா நல்லா ஆடினான்னு, சொதப்பினா சொதப்பினான்னு, உன் பேரைச் சொல்லியே சொல்வேன் என்றாராம். அதற்குள் கூட்டத்துக்கு வாங்க என்று அவர்கள் கோச் கைதட்டிக் கூப்பிட்டுவிட்டார். அவ்வளவுதான், காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஆளு மெலிஞ்சுட்டான் மார்வா, கழுத்தெல்லாம் தடிச்சிருக்கு, முகம்தான் மெலிஞ்சிருக்கு, நான் அதைத் திரையில பார்க்கலை என்று சொல்லிவிட்டு அந்த ரொட்டிப் பெட்டியை மேஜைமேல் வைத்தார். கொடுக்க மறந்துவிட்டாராம். எனக்குத் திட்டவும் வரவில்லை. இத்தனை மாசத்தை இரண்டு பேரும் வீணாக்கிவிட்டு, கடைசியில் யாரோ கைதட்டிக் கூப்பிடும் நேரத்துக்குள் பேசியிருக்கிறார்கள். இதையே வசந்தத்தில் செய்திருந்தால் அவன் கோடை முழுக்க வீட்டில் இருந்திருப்பான். அதை யாரிடமிருந்து திருப்பி வாங்குவது.

நாளைக்கு அந்தப் பெட்டியை நானே எடுத்துக்கொண்டு போகிறேன். வருஷக்கணக்காக டாம்செட் பக்கம், ஒலிபரப்பு அறைக்கு நேர் கீழேதான் என் இடம், உனக்குத் தெரியும். நாளைக்கு எங்கே உட்காரப்போகிறேன் என்று நான் அப்பாவிடம் சொல்லவில்லை, பெல்ஃபோர்ட் பக்கம் என்று சொன்னால் ஊர் என்ன பேசும், அவர் முகம் எப்படிப் போகும் என்று மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். சற்று முன் பல் தேய்த்துவிட்டு வந்தவர் இந்த மேஜைப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் உட்கார்ந்தா சாயங்காலம் ஆட்டம் முடியற வரைக்கும் வெயில் நேரா முகத்துல அடிக்கும், விளிம்பு வச்ச தொப்பியைப் போட்டுக்கிட்டுப் போ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. ஈரக் காலுறையோடு தூங்காதே. கரைக்கு வந்ததும் முதல் வேலையாக உன் தம்பிக்குப் போன் பண்ணு, எங்களைக்கூட அப்புறம் கூப்பிடலாம். நாங்கள் செய்ததுபோல நாள் தள்ளாதே. தேவமாதா உன்னையும் உன் கப்பலையும் கையில் ஏந்திக் காப்பாளாக, அலை அடங்கிய நாட்களும் நல்ல தூக்கமும் உனக்குக் கிடைக்கட்டும்.

உன்னை நினைக்காமல் ஒரு வேளையும் சாப்பிடாத,
அம்மா
டாம்செட், நெப்ராஸ்கா. வெள்ளிக்கிழமை.