ராய்ஸ் எண்ணியது

வெண்டல்,

உங்கள் இசைக்குழுவின் இருபத்தைந்தாம் வருஷத்துக்கென்று நீ அனுப்பிய இசைத்தட்டு வந்தது. அட்டையில் என் மகன் ராய்ஸ் டிரம் முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறான். ஏக்ரனில் எங்கள் கராஜில் எடுத்த படம்.

பாட்டு தொடங்குமுன் அவன் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று கத்துவானே, அதைக் காணோம். டிரம் அடிக்கிறவன் பாடுவதில்லை. உங்கள் ஆல்பம் எதிலும் அவன் குரல் கிடையாது, நீங்கள் கராஜில் பதிவு பண்ணிய அந்தக் கேசட்டைத் தவிர. அவன் இறந்துபோன இந்தப் பதினோரு வருஷமாய் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் கேட்டேன். "பத்திரமா கொண்டாந்து தர்றேம்மா" என்று இந்த இசைத்தட்டில் சேர்க்க நீதான் வாங்கிப்போனாய்.

போனில் கேட்டதற்கு, "பழைய டேப்மா, காப்பி எடுத்ததும் அறுந்துபோச்சு. எண்ணுறது பாட்டு இல்லையே, சுத்தமா இருக்கட்டும்னு நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றாய். "ஏன்டா, என் மகன் குரல் உனக்கு அழுக்கா?" என்றேன். என் அடுப்பங்கரையில் மக்கரோனி தின்று வளர்ந்தவன் நீ.

சனிக்கிழமைக் கச்சேரிக்கு முதல் வரிசை டிக்கெட்டும் வைத்திருந்தாய். அங்கே புது ஆள் எண்ணுவான், நீ பாடுவாய். எனக்கு வேண்டாம், டிக்கெட்டை இந்தக் கடிதத்தோடு திருப்பி வைத்திருக்கிறேன்.

வெட்டிய துண்டு எந்தக் கம்ப்யூட்டரிலாவது கிடந்தால் அதை மட்டும் அனுப்பு. பாட்டு வேண்டாம்.

அவனைப் பெற்றவள்