காற்று என் பக்கமிருந்து

மார்ச் 3
அறுவை சிகிச்சை முடிந்து அண்ணன் வீட்டில் ஓய்வு. கிழங்குத் தோட்டம் முடியும் இடத்தில் காடு. ஓரத்தில் ஒரு சேற்றுக்குழி. மாலையில் அங்கே ஒரு காட்டுப்பன்றி குட்டிகளோடு புரண்டுகொண்டிருந்தது. குட்டிகளின் முதுகில் கோடு கோடாக மஞ்சள். மாத்திரை மயக்கமோ என்று கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். நிஜம்தான்.

மார்ச் 9
தினமும் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே நகர்த்துகிறேன். பன்றிக்குக் கண் மந்தம், மூக்குதான் எல்லாம் என்கிறான் அண்ணன். முதலில் என் வாடை பட்டதும் விறைத்து நின்றவள், இன்று மோந்துவிட்டு ‘ஓ, இவள்தானா’ என்பதுபோல் மறுபடி சேற்றில் சாய்ந்தாள். பிறகு மரத்தில் முதுகைத் தேய்த்தாள். எனக்கும் முதுகு அரித்தது.

மார்ச் 10
தூங்கினேனா, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேனா — தெரியவில்லை. சுகமாக இருந்தது.

மார்ச் 14
கிழங்கு வரிசையையெல்லாம் பன்றி கிளறிப் போட்டிருக்கிறது. அண்ணி முடிவெட்டும் கடையிலிருந்து ஒரு மூட்டை முடி வாங்கி வந்து வரப்போரம் தூவினாள். மனித வாடைக்குப் பன்றி அண்டாதாம். “ஊர்ல உள்ள மண்டையெல்லாம் இனி நம்ம தோட்டத்துக்குக் காவல்!” என்று சிரித்தாள்.

மார்ச் 18
முடியை மிதித்துக்கொண்டே உள்ளே வந்திருக்கிறது. அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். “மத்த தோட்டத்துல எல்லாம் இந்த வாடைக்கு ஓடுது. இதுக்கு மனுஷன்னா பயமே விட்டுப்போச்சு.”

சுடுவதற்கு வனத்துறையில் அனுமதி வாங்கியாயிற்று. நாளை மறுநாள் மாலை வேட்டைக்காரர் வருகிறார். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கவலையில்லையாம், சுலபமாக முடித்துவிடலாமாம்.

பயத்தை விடவைத்தது யார்? நான்தானே.

மார்ச் 19
தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு குழிக்குப் போனேன். அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. நான்தான் என்று தெரியும் அவளுக்கு. தட்டினேன், கத்தினேன், கல்லை விட்டெறிந்தேன். ஒரு கல் குட்டி மேல பட்டுடுச்சு. வீல்னு கத்துச்சு. ஐயோ, நான் என்ன பண்ணுவேன், வேற வழி தெரியலையே! ஓடு, ஓடுன்னு அழுதுகிட்டே எறிஞ்சேன். தையல் போட்ட இடம் சுண்டி இழுக்கிறது.

மார்ச் 20
வேட்டைக்காரர் இருட்டும்வரை காத்திருந்து வெறுங்கையோடு எழுந்தார். “எதையோ கண்டு மிரண்டிருக்கு,” என்றார். அண்ணி நசுங்கிய தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

மார்ச் 31
கிழங்கு தப்பித்தது. மாலையில் புதர் அசைந்தது. அவள்தான், பின்னால் குட்டிகள். என் பக்கமிருந்து காற்று அடித்தது. மூக்கை உயர்த்தினாள். அவ்வளவுதான், குட்டிகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டாள்.

“அப்பாடா!” என்றாள் அண்ணி.

நானும் அதையே சொன்னேன். நாற்காலியை வீட்டுக்குள் எடுத்து வைத்தேன்.