மூலமும் நகலும் இடம் மாறிய நாள்

அக்கா,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். இன்று ஆபீசில் பழைய கோப்புகளைக் கட்டும்போது உங்கள் ராஜினாமாக் கடிதத்தின் நகல் கிடைத்தது. தேதியை நான்கைந்து முறை படித்தேன். உங்களுக்கு மெமோ வந்ததற்கு மூன்று வாரம் முந்திய தேதி! அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை ஆறுதல் என்று எப்படிச் சொல்ல.

எல்லாக் கிளைகளுக்கும் ஒரே அச்சாகக் கணினிகள் போக வேண்டும் என்று நாம் இருவரும் ஒரு மாஸ்டர் டிஸ்க் தயாரித்தோமே. பில் போடும் மென்பொருள், மலையாள எழுத்துரு, சொன்ன பேச்சு கேட்காத அந்தப் பிரிண்டர் எல்லாம் சேர்த்து ஒரு மாத உழைப்பு. அதிலிருந்து புது டிஸ்க்குகளுக்கு நகலெடுக்கத் தொடங்கிய அன்று பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று கரமனை டே கேரிலிருந்து போன். திரும்பி வந்து பார்த்தால் மாஸ்டர் காலி.

"தானா அழிஞ்சுபோச்சு அக்கா" என்று அழுதேன்.

"கரையாதடீ. தபால் செக்‌ஷன் சார் மெஷின்ல முந்தாநாள் இதோட நகலைப் போட்டுப் பாத்தோமில்லியா? அதும் இதுதானே. அங்கேருந்து திருப்பி எடுத்துக்கலாம்."

தபால் சார் கணினியை விட்டால்தானே! திரையில் அவர் வைத்திருந்த படத்தைக் காட்டி, "என்டெ குருவாயூரப்பனெ களயல்லே!" என்று, சாமியை அழித்துவிடுவோமோ என்ற பயத்தில் குறுக்கே நின்றார்.

"பகவான் எங்கயும் போகமாட்டார் சார். ஒரு மணிக்கூர் தாங்கோ."

நகலில் படத்தை நீக்கினோம்; கணினியில் பதிந்திருந்த அவர் பெயரை நீக்க மறந்தோம். எல்லாக் கிளைகளிலும் எந்தக் கடிதத்தைத் திறந்தாலும் எழுதியவர் தபால் சார்! "கேரளம் முழுக்க நான்தான் எழுதறேன்" என்று அவர் ஒரு மாதம் நெஞ்சு நிமிர்த்தி நடந்தார்.

எல்லாவற்றையும் திரும்ப எடுத்துச் சரிபார்த்ததில் கணினிகள் கிளைகளுக்குப் பிந்தித்தான் போயின; அந்தத் தாமதத்துக்கு மேனேஜர் மெமோ கொடுத்து விளக்கம் கேட்டபோது, "பொறுப்பு என்னோடது சார்" என்றீர்கள். நான் தற்காலிக ஊழியர். என் பெயர் வந்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அடுத்த மாதமே நீங்கள் மஸ்கட் போய்விட்டீர்கள். அந்த மெமோதான் உங்களைத் துரத்தியது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எழுதக்கூடத் துணியவில்லை. போவதென்று முன்பே முடிவு செய்திருந்ததால்தான் மெமோவை அத்தனை லேசாக மடித்துப் பையில் வைத்தீர்களோ?

இப்போதும் நகலெடுக்கும்போது, "எங்கிருந்து, எங்கே" என்று இரண்டு வரியையும் உரக்கப் படித்த பிறகே பொத்தானை அழுத்துகிறேன். பக்கத்து மேசைக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

அக்கா, அது தானாக அழியவில்லை. டே கேருக்கு ஓடும் அவசரத்தில் மூலத்தையும் நகலையும் நான்தான் மாற்றிக் கொடுத்தேன். காலி டிஸ்க் மாஸ்டர்மேல் ஏறிவிட்டது. உங்களிடம் பொய் சொன்னேன். உங்களுக்கு அன்றே தெரியுமா?

விலாசம் உங்கள் தம்பி தந்தார். சீக்கிரம் பதில் போடுங்கள்.