ஊதாப்பூக் கொடியை அப்பா வெட்டிவிட்டார்

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை, அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருமுன்பே சொல்லிவிடுகிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். உன் அக்கா மகனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, போனில் பேசினால் காற்றுதான் வருகிறது.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. நீ வேலைக்குக் கிளம்பிய வாரம் பின்சுவரோரம் நட்டாயே ஊதாப்பூக் கொடி, அதை அப்பா வெட்டிவிட்டார். நீ போன பிறகு இந்த வீட்டில் அவர் பேச்சுக்குக் காது கொடுத்தது அது ஒன்றுதான் என்று நான்கூடக் கேலி செய்வேன். நான் ஆற்றங்கரை வேலைக்குப் போகிறேன் இல்லையா, சரிந்த கரையில் நாணலும் கோரையும் நட்டுப் பழையபடி ஆக்குகிற வேலை, அங்கே மழைக்காலம் முழுக்க நாங்கள் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டது ஒரு கொடியைத்தான். இன்றைக்குப் பிடுங்கினால் அடுத்த வாரம் நாணல்மேல் போர்வை மாதிரி கிடக்கும். பூக்காத இளங்கொடி, எனக்கு அடையாளம் தெரியவில்லை. எங்கள் வேலையை நடத்துகிற பெண் செடிகளைப் பற்றிப் படித்தவள், பச்சை டாக்டர் என்போம், எங்கிருந்து வருகிறதென்று பார்க்க, ஆற்றில் வந்து விழுகிற வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்தாள், நானும் பின்னாலேயே போனேன். வாய்க்கால் திரும்பி, சந்து திரும்பி, கடைசியில் வந்து நின்ற இடம் நம் வீட்டுப் பின்சுவர், வாய்க்காலுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது உன் கொடி! முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை எனக்கு. அவளோ சிரித்துவிட்டு, திருடனை வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கோமேம்மா என்றாள்.

அப்பாவிடம் சொன்னதும், அது புள்ள வெச்ச செடி, என் கை அதுமேல படாது, உன் ஆத்துக்கு வேற வழி பாத்துக்கோ என்று முறுக்கிக்கொண்டார். அப்புறம் ஒருநாள், நான் மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்கக் கரைக்கு வந்தவர், படர்ந்து கிடந்த கொடியைக் குனிந்து தூக்கிப் பார்த்தார். அடியில் நாங்கள் நட்ட கோரை வெளிச்சமே காணாமல் வெளிறி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. இதெல்லாமே நம்ம கொடியா என்று மட்டும் கேட்டார். அன்று சாயங்காலமே அரிவாளோடு பின்பக்கம் போய்விட்டார். வேர் இருந்தால் மறுபடி துளிர்க்கும் என்பதால் அதையும் தோண்டினார். தோண்டும்போது ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார், நான் கிட்டே போனதும் நிறுத்திவிட்டார். இப்போது சமையலறைக்குள் வெயில் வருகிறது, அலமாரி மேல்தட்டு எவ்வளவு அழுக்கென்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

வேடிக்கை கேள், அவர் இப்போதெல்லாம் எனக்கு முன்னால் கரைக்குக் கிளம்பிவிடுகிறார். கரையில் கொடியை அகற்றிய இடத்தில் யாரும் நடாத ஒரு செடி முளைத்திருக்கிறது, எத்தனை வருஷம் மண்ணுக்குள் விதையாய்க் கிடந்ததோ, பச்சை டாக்டருக்கே பேர் தெரியவில்லை, பூத்தால்தான் சொல்ல முடியுமாம். அப்பா அதைச் சுற்றிக் குச்சி நட்டு, பாத்துக் கால வைங்கப்பா என்று எல்லோரையும் விரட்டுகிறார். அது எப்போது பூக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் உனக்கு எப்போது லீவு என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அக்காவிடம் பேசு. எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ மனநிறைவோடு இருக்க வேண்டும், எங்கள் இருவருக்கும் வேறு ஆசை இல்லை.

உன்னை நினைத்தபடி,
அம்மா