பூநாரைகளை எழுப்பியவன் எழுதுவது

கழுவெளி ஏரியில் தண்ணீர் வடிந்து சேறு தெரிய ஆரம்பித்துவிட்டது. அந்த உப்புச்சேற்று வாடை இரண்டு நாளாக என் வாசல் வரை வருகிறது. வாடை வந்தால் பின்னாலேயே பூநாரை வரும் என்பீர்கள். வந்துவிட்டன. இந்த வருஷம் அவற்றின் மேல் ஒரு மண்கட்டியும் விழாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சுனாமிக்குப் பிறகு வந்த மாசியில் உங்கள் இடத்துக்கு விருந்தாளியாக வந்தேன். ஏரிக்கரை முள்காட்டில் பட்டா வாங்கிய நான்கு இருளர் குடும்பங்கள் சேர்ந்து, பறவை பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு மூன்று கீற்றுக் குடிசைகள் போட்டிருந்தீர்கள். நான்கு குடும்பத்துக்கும் மூத்த பெண் நீங்கள்; அங்கே நீங்கள் வைத்ததுதான் சட்டம்.

டீக்கடையில் என் பங்காளி சிரித்தான். "எலி புடிக்கிறவங்க லாட்ஜ் வெச்சிகினாங்களாம். சாப்பாட்டுக்கு இன்னா, எலி வறுவலா?"

"நான் போய்த் தங்கி, சாப்ட்டுட்டு வந்து சொல்றேன்டா" என்றேன். உங்கள் மேல் அக்கறை பாதி. அவன் வாயை அடைக்கவேண்டும் என்பது மீதி.

உப்பள வரப்பில் நான் எதிரே வந்தால் நீங்கள் இறங்கி நின்று வழிவிடுவீர்கள். அன்று நாற்காலியை விட்டு எழவில்லை. "வாங்க. செருப்ப கயட்டாதீங்க, முள்ளு கெடக்குது" என்றீர்கள். ராத்திரி கருவாட்டுக் குழம்பு. இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், ஒவ்வொரு கவளமும் உங்களுக்குச் செய்யும் உபகாரம் என்று நினைத்துக்கொண்டு.

விடிந்ததும் என்னையும், புதுச்சேரியிலிருந்து வந்திருந்த இரண்டு டீச்சர்களையும் காரைப் புதருக்குப் பின்னால் உட்காரவைத்தீர்கள். பூநாரைகள் தூரத்தில் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு மணி நேரம் போயிருக்கும். "வெள்ளையாத்தான் தெரியுது, செவப்பையே காணோமே" என்று ஒரு டீச்சர் முணுமுணுத்தார். சிவப்பு, இறக்கை விரிந்தால்தான் தெரியும்.

"இருங்கம்மா, நான் காட்றேன்" என்று எழுந்தேன். ஒரு மண்கட்டியை விட்டெறிந்து கையைத் தட்டினேன். உப்பளத்தில் பறவை இறங்கினால் நாங்கள் எல்லோரும் செய்வதுதான். மொத்தக் கூட்டமும் கிளம்பி, வானம் சிவந்து போயிற்று. டீச்சர்கள் வாய்பிளந்து நின்றார்கள். நான் பெருமையோடு உங்களைப் பார்த்தேன். நீங்கள் வானத்தைப் பார்க்கவே இல்லை.

"நீ கெளம்பு. போ."

"யாரப் பாத்துப் 'போ'ன்ற?"

"ஒன்னத்தான். தின்னுகினு இருந்தத எழுப்பி வுட்டியே, ராத்திரி ஒன்ன சோத்துலேருந்து யாராச்சும் எழுப்புனாங்களா?"

"நான் சாப்ட்டாதான் ஊரு ஒன் வூட்டுச் சோத்த மதிக்கும்னு வந்தேன் பாரு!"

"நீ சாப்ட்டது ஒன் பசிக்கு."

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆறு மாதம் அந்தக் கோபத்தைத் தீனி போட்டு வளர்த்தேன். கேட்டவன், கேட்காதவன் எல்லோரிடமும் சொன்னேன், என்னைப் பார்த்துப் 'போ' என்றாளே என்று. ஒருநாள் டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் கேட்டார்: "அது சரி, நீங்க அந்தம்மாவ எப்டிக் கூப்டுவீங்க?"

ஏய். இந்தா. வா. போ. இத்தனை வருஷத்தில் உங்களுக்கு நான் ஒரு 'ங்க' போட்டதில்லை. நீங்கள் ஒரே ஒரு முறை அதை எடுத்துவிட்டதற்கு ஊரெல்லாம் நியாயம் கேட்டுத் திரிந்திருக்கிறேன். இதை ஒத்துக்கொள்ள எனக்கு இன்னும் நாள் பிடித்தது. அதற்குள் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு இறந்துபோய்விட்டீர்கள். நேரில் சொல்லாததைத்தான் இந்தக் காகிதம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வருகிறேன். இது போதாது என்று தெரியும்.

அதனால்தான் தினமும் விடியும்போது காரைப் புதருக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன். உங்கள் மகள் என்னைத் தடுக்கவில்லை, முகமும் கொடுக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. குயிலாப்பாளையம் பக்கமிருந்து சுற்றுலா ஆட்களைக் கூட்டிவரும் ஏஜென்ட் ஒருவர் அவளை நெருக்குகிறார்: "ஒரே ஒரு தடவ பறக்க வுடும்மா, போட்டோ எடுத்துகினு போய்டுவாங்க. இல்லன்னா வேற கரைக்குக் கூட்டிகினு போறேன்." அவரும் வராவிட்டால் குடிசைகள் காலிதான்.

இன்று ஜீப்பில் ஆறு பேரோடு வந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மண்கட்டியைக் கையில் எடுத்தார். உங்கள் மகள் குடிசைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"கீழ போடுப்பா" என்றேன்.

"பெருசு, நீ யாரு? இது ஒன் எடமா?"

"இல்ல, அவங்க எடம். இதே வேலைய செஞ்சதுக்கு ஒரு ஆள இங்கேருந்து தொரத்துனாங்களே, அந்த ஆளு நான்தான்."

ஜீப்பில் வந்த ஓர் அம்மா சிரித்துவிட்டார். அவர்தான் முதலில் தரையில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். உங்கள் மகளுக்கு அப்போதுதான் குரல் வந்தது. "கட்டியப் போட்டுட்டுக் குந்துங்க. இல்லன்னா கெளம்புங்க" என்றாள். ஏஜென்ட் கட்டியைப் போட்டுவிட்டு ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். மறுபடி வருவாரா, தெரியாது. பூநாரைகள் தலை நிமிராமல் மேய்ந்தன.

வெயில் ஏறியதும் உங்கள் மகளிடம், "நாளைக்கும் வர்றேங்க" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா ஐயா, ஒடம்பு கிடம்பு செரியில்லியா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது" என்றேன். "நீங்க பழகிக்குங்க."