ஆடிக்கு ஊருக்கு வர வேண்டாம்

காஞ்சிபுரம் தாலுக்கா
2.7.1970

அன்பு மகன் தர்மனுக்கு அம்மா ஜெயம்மாள் எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மதுரையில் உனக்கும் ஒன்றும் இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். உன் தங்கை வள்ளிக்கு அம்மை இறங்கிவிட்டது, தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று, நேற்றிலிருந்து மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். எனக்குப் பிள்ளையார்பாளையம் சாயப்பட்டறையில் வேலை நடக்கிறது, கல்யாண மாதம் முடிந்ததால் அலசுகிற பட்டு கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்பாவுக்குத்தான் கிணற்று மேட்டில் விழுந்த முழங்கால் இன்னும் மடங்கவில்லை.

உன் கார்டு வந்தது. முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். இத்தனை விஷயத்தை யாராவது கார்டில் எழுதுவார்களா? நம் ஊர் தபாலாபீஸ் யார் வீட்டு நடையில் இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா? மணியக்காரரின் தம்பி மகன் வீரபாகுதான் பையைப் பிரிக்கிறான். எனக்கு வருவதற்கு முன்னால் அவன் படித்தான், அவன் வீட்டில் படித்துக் காட்டினான், பிறகு டீக்கடையில் சொன்னான். நீ பி.ஏ.வில் தத்துவத்தை மெயினாக எடுக்கப் போவதும், சம்ஸ்கிருதம் படிக்கச் சொல்கிறார்கள் என்பதும், ஸ்காலர்ஷிப்புக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க ஆடி பிறந்ததும் ஊருக்கு வருவதும் நான் பட்டறையிலிருந்து வந்து இறங்கும்போது ஊருக்கே தெரிந்திருந்தது. இனிமேல் எழுதுவதைக் கவரில் போட்டு ஒட்டி, காஞ்சிபுரத்தில் இருக்கிற குமாரவேல் வாத்தியார் விலாசத்துக்கு அனுப்பு.

தத்துவம் என்று படித்ததும் கார்டை மறுபடி ஒரு தரம் படித்தேன். காஞ்சிபுரத்தில் அந்த வார்த்தைக்கு மொட்டையும் காவியும்தான் ஞாபகத்துக்கு வருகிறது. மறுநாள் பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். சாமியார் படிப்பு இல்லையாம், மூன்று வருஷப் படிப்பாம். ஆங்கிலம் ஒன்று, இரண்டாவது மொழி ஒன்று, அதற்கு மேல் மெயின், அதோடு துணைப்பாடம் இரண்டு. மெயினில் தர்க்கம், ஒழுக்கவியல், நம் நாட்டு ஆட்கள் யோசித்தது, வெள்ளைக்காரன் யோசித்தது எல்லாம் வரும் என்றார். பி.யு.சி.யில் லாஜிக்கில் நீ வாங்கிய மார்க்கைப் பார்த்தால் இடம் கிடைப்பதில் சிரமம் இருக்காது, அந்தப் பாடத்துக்கு யாரும் முட்டி மோதுவதில்லை என்றும் சொன்னார். அதுதான் எனக்குப் பயம். யாரும் முட்டி மோதாத இடத்தில் என்ன இருக்கும்? முடித்துவிட்டு வாத்தியார் வேலைக்குப் போக முடியுமா என்று கேட்டேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் தத்துவம் என்று ஒரு பீரியட் கிடையாது, அதனால் வாத்தியார் பயிற்சிக்கான பி.டி.யில் சேர்ப்பது கஷ்டம், ஆனால் சரித்திரத்தைத் துணைப்பாடமாக எடுத்தால் அதைக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம், நீ அங்கே ஆபீஸில் விசாரித்துக்கொண்டு செய் என்றார். மனோதத்துவமும் துணைப்பாடமாக இருக்கிறதாமே, நீ அதில்தான் ஆசை வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். ஒன்று உன் ஆசைக்கு எடு, ஒன்று சோற்றுக்கு எடு, அது சரித்திரமாக இருக்கட்டும். சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்கும் சட்டக் கல்லூரிக்கும் எந்த பி.ஏ. ஆனாலும் செல்லுமாம். எம்.ஏ. வரைக்கும் போனால் காலேஜிலேயே பாடம் சொல்லலாமாம். அத்தனை வருஷம் யார் காத்திருப்பது என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

சம்ஸ்கிருதம் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். உங்கள் துறைத் தலைவர், மூல நூல்களை நேராகப் படிக்கலாம், எடுத்துக்கொள் என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். நல்ல மனுஷனாக இருக்கலாம். நாம் நடக்கக் கூடாது என்று தெருவை அடைத்துவைத்திருந்தவர்களின் பாஷையை நீ ஏன் படிக்கக் கூடாது, படித்து அதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்த்தால் என்ன என்று ஆத்திரமும் வருகிறது. ஆனால் நாங்கள் இருப்பது இந்த ஊரில். தமிழை எடுத்தாலும் தத்துவம் படிக்கலாம், சைவ சித்தாந்தம் தமிழிலேயே இருக்கிறது என்று வாத்தியார் சொல்கிறார். இந்த வருஷம் தமிழை எடு. ஆசை விடவில்லை என்றால் அந்தப் பாஷையைத் தனியாகப் படித்துக்கொள். கார்டில் மட்டும் எழுதாதே.

இப்போது நான் நிஜமாகப் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். சான்றிதழுக்குத் தாசில்தார் கையெழுத்து வேண்டும், தாசில்தாருக்கு மணியக்காரர் ரிப்போர்ட் வேண்டும். உன் அப்பா போய்க் கேட்டார். மாட்டுக்கொட்டகைப் பக்கம் வெகுநேரம் நிற்கவைத்துவிட்டு மணியக்காரர் வந்து, “தத்துவமா? செத்தா எங்க போவோம்னு சொல்லிக் குடுக்கற படிப்பாடா அது? எங்கம்மா இழுத்துக்கினு கெடக்குது, உம் பையன வரச் சொல்லு, அது எங்க போவப் போவுதுன்னு பார்த்துச் சொல்லட்டும்” என்று சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்களாம். பையன் நேரில் வந்து கேட்டால்தான் ரிப்போர்ட் என்று அனுப்பிவிட்டார். எதற்கு நீ நேரில் என்று எனக்குப் புரியவில்லை. அவர்கள் வீட்டில் சாணி அள்ளுகிற அங்கம்மாள்தான் காதில் போட்டாள். இந்த வருஷம் அவர்கள் தெருச் சாவுச் சேதியை வெளியூர்ச் சொந்தங்களுக்குப் போய்ச் சொல்லும் முறை நம் வீட்டுக்கு வந்திருக்கிறது. அப்பாவுக்குக் கால் சரியில்லை, அதனால் மூத்த பிள்ளை நீ போக வேண்டும் என்று பேசிவைத்திருக்கிறார்கள். “பி.ஏ. பையன் துண்ட இடுப்புல கட்டிக்கினு தெருக்கோடியில நின்னு சேதி சொல்லட்டும், அப்பறம் கையெழுத்துப் போடலாம்” என்று வீரபாகு சொன்னானாம்.

நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். ஏன் நான், ஏன் எங்கள் சேரி மட்டும், ஏன் தெருக்கோடி என்று கேட்பாய். நீ படிக்கப் போகிற படிப்பே அதுதானே. போன வருஷம் பக்கத்துச் சேரியில் காசிநாதன் இப்படித்தான், நான் பத்தாவது பாஸ், சேதி சொல்லப் போக மாட்டேன் என்றான். அவன் வீட்டுக் கூரை எரிந்தது. யார் வைத்தது என்று விசாரிக்க வந்த போலீஸ்காரர் மணியக்காரரின் பெரிய வீட்டில் காபி குடித்துவிட்டுப் போனார். காசிநாதன் இப்போது பெங்களூரில் எங்கேயோ கல் உடைக்கிறான், அவன் அம்மா புளியமரத்தடியில் ஆக்கித் தின்கிறாள். நீ கேட்டாலும் எனக்குப் பயம், கேட்காமல் துண்டைக் கட்டிக்கொண்டு போனாலும் பயம். போய்விட்டு வந்தால் நீ பழைய தர்மனாக இருப்பாயா?

அதனால் நானும் வாத்தியாரும் தாலுக்கா ஆபீஸுக்குப் போனோம். முதலில் நாளைக்கு வா என்றார்கள், மறுநாளும் போனேன். ஒரு குமாஸ்தா அம்மாள் மட்டும் முகம் பார்த்துப் பேசினார். மணியக்காரர் ரிப்போர்ட் தர மறுக்கிறார் என்று எழுதிக் கொடுத்தால் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து விசாரிக்கலாம் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். வருவார், எப்போது என்று தெரியாது. வந்தால் அவரும் அந்த வீட்டில் காபி குடிப்பாரோ என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. நீ உங்கள் பிரின்சிபாலிடம் சான்றிதழ் பிறகு தருகிறேன், இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடு. சில காலேஜில் அப்படிச் செய்வார்கள் என்று வாத்தியார் சொல்கிறார்.

இதை நேற்றே எழுதி முடித்திருக்க வேண்டும். இன்று காலையில் பறை கேட்டது. மணியக்காரரின் அம்மா, அந்தப் பெரிய வீட்டுக் கிழவி போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் வீரபாகு சைக்கிளில் சேரிக்கு வந்து, காலைக் கீழே ஊன்றாமல் வேலியைப் பிடித்துக்கொண்டே, அப்பாவைப் பார்த்து, “கலியா, பையன் வந்துட்டானா? கூரத்துக்கும் ஏனாத்தூருக்கும் சேதி போவணும்” என்றான். நீ வரவில்லை, நானே போகிறேன் என்று அப்பா சொன்னார். “உங்கால இழுத்துக்கினு நீ போய்ச் சேர்றதுக்குள்ள பொணம் நாறிடும்டா” என்றான். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான்தான், அப்படியானால் நீங்களே சைக்கிளில் போய்ச் சொல்லிவிடுங்களேன், உங்கள் பாட்டிதானே என்று சொல்லிவிட்டேன். வாயை அடக்க முடியவில்லை. அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான், அதனால் இன்று வள்ளியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் என் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

மெயின் பாடத்துக்குப் பெற்றோர் சம்மதம் எழுதி அனுப்பச் சொன்னாயே, அதை வெள்ளைத் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் கைநாட்டு வைக்கக் கூப்பிட்டேன். வைப்பதற்கு முன்னால், “இதப் படிச்சா நாமதான் சேதி சொல்லணும்னு எவன் வச்சான்னு கேக்கக் கத்துக் குடுப்பாங்களா?” என்று கேட்டார். அப்படித்தான் வாத்தியார் சொல்கிறார் என்றேன். “அப்ப படிக்கட்டும். ஆனா கேக்கறத அங்கயே கேக்கட்டும், இங்க வந்து கேக்க வேணாம்னு எழுது” என்று சொல்லிவிட்டு விரலை அழுத்தினார். நன்றாகத்தான் பதிந்திருக்கிறது.

எழுதிவிட்டேன். நீ ஆடிக்கு வராதே. தீபாவளிக்கும் நான் சொன்னால் வா. விடுதிச் சோறு பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே, கண்ணாடியை உடைத்துக்கொள்ளாதே. நம் குலதெய்வமும், நீ நம்புகிற எதுவோ அதுவும் உன்னைக் காப்பாற்றட்டும். அப்பா கூரத்துக்குச் சொல்லிவிட்டு ஏனாத்தூர்ப் பக்கம் போனதைப் பார்த்ததாக ஒரு வண்டிக்காரர் சொன்னார். வெயில் சாய்ந்துவிட்டது, இன்னும் காணோம். வள்ளியைக் கூட்டிக்கொண்டு ரோடு வரைக்கும் போய்ப் பார்க்கிறேன், அப்படியே இந்தக் கவரை டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துக் காஞ்சிபுரத்தில் போடச் சொல்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
க. ஜெயம்மாள்